திருப்பித் தர முடியாத ஒன்று

உங்கள் ஸ்டேஷன் தே ஓ பரவாயில்லை, சார். பாலில்லாத டீக்குச் சீனிதான் ஒரு கை தூக்கல். எப்படியும் ஏதாவது குடிக்கக் கொடுப்பீர்கள் என்று தெரியும். அதனால்தான் வரும் வழியிலேயே பாசார் முனையில் பத்து கறிபாப் வாங்கி வந்தேன். ஆறுவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள். லஞ்சம் என்று நினைக்க வேண்டாம். லஞ்சம் கொடுக்க வந்தவன் உருளைக்கிழங்கு வைத்ததை வாங்க மாட்டான், சார்டின் வைத்ததை வாங்கியிருப்பான். ஓர் இடத்தில் சும்மா உட்கார்ந்து ஒரு கப் தண்ணீர் குடிக்கக்கூட எனக்கு வராது. சேலைக்கடையில் வளர்ந்த புத்தி.

தம்புசாமி பெரியவர் செத்த விஷயமாக வந்திருக்கிறேன். அதைப் பற்றி உங்களிடம் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் இருக்கிறது. மூன்று நாளைக்கு முன் இந்திராதேவி என்று ஒருத்தி வந்து, தான் கொடுத்த கஞ்சியைக் குடித்துத்தான் அவர் செத்தார், தன் மேல் கேஸ் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். கேஸ் எப்போது போடுவீர்கள் என்று தினமும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். நான் உள்ளே வரும்போது எழுந்து நின்று, "வாங்கண்ணே" என்றாள். போலீஸ் ஸ்டேஷனில்கூட அவள்தான் வந்தவரை வரவேற்கிறாள். இந்த ஒரு குணத்தைத்தான் உங்களுக்கு விளக்க வேண்டும். அதை விளக்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

அவள் கொடுத்தது போலிச் சரக்கு, சார். போலி என்று அவளுக்கே தெரியாது. அசல் என்னிடம் இருக்கிறது.

என் பெயர் கணேஸ்வரன். வயது அறுபத்து மூன்று. அப்பா மலாக்கா டவுனில் சேலைக்கடை வைத்திருந்தார். அவருக்குப் பிறகு நான் உட்கார்ந்தேன். பத்து வருடத்துக்கு முன் கடையைக் கைமாற்றிவிட்டு, ஜாசின் பக்கம் தாமான் மெலூரில் ஒரு வீடு வாங்கி வந்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு வீடு. பாதிப் பேர் செம்பனைத் தோட்டத்தை அழித்தபோது வெளியே வந்தவர்கள்; பாதிப் பேர் என்னைப் போல, டவுனில் வீட்டு விலை கட்டுப்படியாகாமல் வந்துவிட்டு, காற்றுக்காக வந்தோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். ஆறு வருடம் இந்த இரண்டு பாதிக்கும் இடையே இருந்த ஒரே போக்குவரத்து, ஒருவர் கேட்டுக்கு முன்னால் இன்னொருவர் காடியை நிறுத்திவிட்டுப் போவதுதான்.

அப்புறம் நோய் வந்தது, ஊரை அடைத்தார்கள். மற்ற இடங்களில் சோற்றுக்கு வழியில்லாதவர்கள் கேட்டில் வெள்ளைத் துணி கட்டினார்கள். பார்த்தவர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எங்கள் தாமானில் ஒரு வீட்டிலும் துணி ஏறவில்லை. பசி இல்லாமல் இல்லை. எதிர்வீட்டுக்காரன் பார்ப்பானே என்றுதான். அப்போது நான் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். தாமான் மெலூர் உதவிக் குழு. வேண்டியவர் கேட்கலாம், இருப்பவர் கொண்டு போகலாம். ஒரே ஒரு சட்டம் வைத்தேன்: இன்றைக்குக் கொடுத்தவர் நாளைக்கு வாங்க வேண்டும், இன்றைக்கு வாங்கியவர் நாளைக்குக் கொடுக்க வேண்டும். தர்மத்தில் ஒருத்தன் மேலே, ஒருத்தன் கீழே. வியாபாரத்தில்தான் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்காருகிறார்கள்.

நன்றாக ஓடியது, சார். வீரப்பன் என்று லோரி ஓட்டுகிறவன் ஒருத்தன். செர்காம் பக்கம் சாமான் இறக்கும்போது கால் முறிந்தது. நாற்பது நாள், ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுச் சோறு. எழுந்து நடந்ததும் அத்தனை வீட்டு உடைந்த சோபாவையும் கட்டிலையும் லோரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தான். கறி போன பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பது நம் வீடுகளில் எல்லாரும் பார்க்கிற வழக்கம்தான். எங்கள் தாமானில் அது சட்டமாகவே ஆனது. ஒன்றும் இல்லாவிட்டால் நாலு பச்சை மிளகாய் போட்டாவது அனுப்புவார்கள்.

எல்லாரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார்கள். தேவி ஒருத்தியைத் தவிர.

அவளுக்கு வயது ஐம்பத்து நாலு. புருஷன் தோட்டத்திலேயே தவறிவிட்டார். பிள்ளை இல்லை. காலையில் ஜாசின் பாசாரில் புட்டுமாயமும் கஞ்சியும் விற்பாள். மற்ற நேரம் முழுக்கக் கொடுப்பாள். கொடுப்பதை யார் குறை சொல்வார்கள்? அவள் வாங்க மாட்டாள். அங்கேதான் கோளாறு.

ஒரு தடவை காற்றில் அவள் வீட்டுப் பின்பக்கக் கூரைத் தகரம் நாலு பறந்துபோனது. குழுவில் அவள் சொல்லவில்லை, நாங்களே பார்த்தோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஏணி, சுத்தியல் சகிதம் பதினாலு ஆம்பிளைகள் போய் நின்றோம். முதல் நாள் சாயங்காலமே ஜாசினிலிருந்து ஆள் வைத்து அடித்து முடித்துவிட்டாள். அதோடு விட்டாளா, எங்கள் பதினாலு பேருக்கும் தோசை வார்த்து வைத்திருந்தாள். வீரப்பன் ஆறாவது தோசையில் கேட்டான்:

"தேவிக்கா, நாங்க உதவி செய்ய வந்தமா, உங்க மாவத் தீக்க வந்தமா?"

"பசியோட வந்திருப்பீங்கல்ல வீரா. பேசாம சாப்புடு, சட்னி இன்னும் இருக்கு."

பதினாலு ஏணிக்காரர்கள் வயிறு முட்ட, தலை குனிந்து திரும்பி வந்தோம்.

டெங்கி வந்தபோது யாருக்கும் சொல்லாமல் கேட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாலு நாள் கழித்து ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு திரும்பி வந்து வீடு வீடாகக் கொடுத்தாள். "என்னையக் காணோம்னு கவலப்பட்டிருப்பீங்க" என்று. நோயாளி பழம் கொடுத்து நலம் விசாரித்த ஊர் இந்த நாட்டிலேயே எங்கள் ஊர் ஒன்றுதான்.

ஒரு தீபாவளிக்கு நானே பொறுக்கி எடுத்து அவளுக்கு ஒரு சேலை கொடுத்தேன். நாற்பது வருடம் சேலை பார்த்த கண், சார். குறை சொல்ல முடியாத சேலை. மறுநாள் காலை என் மனைவி கோமளாவுக்கு அதைவிட ஒரு படி உசத்தியாக ஒரு சேலை வந்தது. எனக்கு ஒரு சட்டை. கழுத்தளவு சரியாக இருந்தது. என் கழுத்தளவு அவளுக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்பா ஒன்று சொல்வார். விலை பேசுகிறவள் வாடிக்கைக்காரி. அவள் சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வருவாள். சொன்ன விலையைச் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போகிறாளே, அவள் நம்மை மதிக்கவில்லை என்பார். தேவியைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு முழுதாக விளங்கியது.

போன வருடம் கோமளாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. தேவி இருபத்து மூன்று நாள் எங்களுக்குச் சோறு கொண்டு வந்தாள். மற்ற வீட்டு முறைக்கு இடமே விடவில்லை. மதியம் பன்னிரண்டரைக்கு கேட் சத்தம் கேட்கும். ரசம், பொரியல், கோமளாவுக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு. நான் ஒவ்வொரு நாளும் ஏதாவது போட்டுப் பாத்திரத்தைத் திருப்பினேன். ஆப்பிள் போட்டால் மறுநாள் ஆப்பிளோடு பேரிக்காயும் வரும். பதினைந்தாம் நாளுக்கு மேல் எனக்குப் பன்னிரண்டு மணிக்கே நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது.

"ஏங்க, குடுத்தா வாங்கிக்கிட்டுப் போறது. மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்கீங்க?" என்றாள் கோமளா.

அவள் நல்லவள். கல்லாவில் உட்கார்ந்ததில்லை.

குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் வீரப்பன் எழுந்து, "எதுக்கு எலெக்சன்? தேவிக்காவையே தலைவரா போட்டுட்டு நம்ம எல்லாம் போயிப் படுத்துக்கலாம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். அதனால்தான் இதைச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். தலைவர் பதவி என்ன பெரிய பதவி? ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு மைக், மழை பெய்தால் கூடாரத்துக்கு ஓட வேண்டிய வேலை. என் கவலை முழுக்கக் குழுவைப் பற்றியது. ஒருத்தி மட்டும் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருந்தால் மற்ற நாற்பத்தொரு வீடும் மெதுமெதுவாகப் பிச்சைக்காரர்களாகிவிடும். யாருக்கும் அது தெரியாது, நல்ல பசி இருக்கும். தெரிந்தவன் நான் ஒருத்தன்.

ஆகவே அவளை ஒரு தடவை வாங்க வைக்க வேண்டும். திருப்பித் தர முடியாத ஒன்றை வாங்க வைக்க வேண்டும்.

நிறைய யோசித்தேன். சோறு திரும்பி வரும். துணி திரும்பி வரும். ரத்தம் கொடுத்தால்கூட இரண்டு பை திரும்பக் கொடுப்பாள். ஒரு நாள் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது தோன்றியது: மன்னிப்பு. மன்னிப்பை மட்டும் திருப்பித் தர முடியாது. வாங்கினவர் வாங்கினவர்தான், ஆயுள் முழுக்கத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். நாற்பத்தொரு வீடும் சேர்ந்து அவளுக்கு அதைக் கொடுத்துவிட்டால், சமமாகிவிடும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். மன்னிக்க ஒரு தப்பு வேண்டும். தேவியிடம் அந்தச் சரக்கு இல்லை. கைவசம் இல்லாத சரக்கை வெளியிலிருந்து வரவழைப்பது எங்கள் தொழிலில் சாதாரணம்.

மே மாதம் பின்சந்தில் கொசு அதிகமாகி, ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் வைத்தோம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து சாக்கடை வாருவது, புல் வெட்டுவது. இந்த மாதிரி நாளில் தேவி பச்சைப்பயறு கஞ்சி கொண்டு வருவாள். தேங்காய்ப்பாலில் அவளுக்கு அப்படி ஒரு பயபக்தி. பால் கெட்டால் பத்து வருடத்துப் பெயர் கெட்டுவிடும் என்பாள். அதனால் பாலைத் தனியாகத் தூக்கில் ஊற்றி, ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்து, பரிமாறுகிற நேரத்தில்தான் கலப்பாள்.

எனக்கு வசதியாக இருந்தது அந்தத் தனித் தூக்குதான்.

பாச்சாங்கில் ஒரு மருந்துக்கடையில் பேதி மாத்திரை வாங்கினேன். ஜாசினில் வாங்கினால் தெரிந்த முகம். வீட்டு மிக்சியில் அரைத்தேன். "என்னத்த அரைக்கிறீங்க?" என்று கோமளா கட்டிலில் இருந்து கேட்டாள். மிளகு என்றேன். கல்யாணமாகி நான் அவளிடம் சொன்ன மூன்றாவது பொய். மற்ற இரண்டும் என் வயதைப் பற்றியது.

விஷம் இல்லை, சார், அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். வயிறு ஒரு மத்தியானம் போகும், சாயங்காலம் நின்றுவிடும். பால் கெட்டுப்போனது என்று ஊர் சொல்லும். அவள் தலைகுனிவாள், நாங்கள் மன்னிப்போம். செலவு குறைந்த ஏற்பாடு. நானும் இரண்டு கிண்ணம் குடித்தேன். ஊருக்கு வந்த கஷ்டத்தில் தலைவர் பங்கெடுத்துக்கொள்ளாவிட்டால் நன்றாக இருக்காது.

பத்தரை மணிக்கு அவள் மண்வெட்டிகளைக் கழுவ உதவப் போனாள். நான் ஐஸ் பெட்டியைத் திறந்து, அரைத்த பொடியைத் தூக்கில் கொட்டி, மூடியை மூடினேன். திரும்பி வந்தவள் பாலை ஊற்றிக் கலக்கினாள். முதல் கிண்ணத்தை எடுத்து, மேலே தட்டு வைத்து மூடிக்கொண்டு, கடைசி வீட்டுப் பக்கம் நடந்தாள்.

கடைசி வீடு தம்புசாமி பெரியவருடையது. எழுபத்தெட்டு வயது. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர், தனி ஆள். சிறுநீரகம் பழுது. எந்தச் சமையலானாலும் முதல் கிண்ணம் அவருக்குப் போகும் என்பது தாமானில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவர் சும்மா வாங்குகிறவர் இல்லை. செம்பனை ஓலை ஈர்க்கில் விளக்குமாறு கட்டி, வாரம் ஒரு வீட்டுக்குக் கொண்டுவந்து சாய்த்து வைப்பார். குழுவின் சட்டத்தை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்த ஒரே ஆள்.

அவர் கேட்டின் தாழ்ப்பாள் துருப்பிடித்தது. தேவியின் இரண்டு கையிலும் கிண்ணம். நான் பின்னாலேயே போய்த் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்துவிட்டேன்.

"ரொம்ப நன்றிண்ணே" என்றாள்.

அவள் என்னிடமிருந்து வாங்கிய முதல் உதவி அதுதான், சார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பெரியவர் நாற்காலியில் இருந்தார். "யாரு, மொதலாளியா? வாங்க, வாங்க. நீங்களும் ஒரு வாய் குடிக்கிறது."

"இல்லைங்கய்யா, எனக்கு அங்க இருக்கு" என்றேன். அது பொய்யில்லை.

நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதானே? சொல்லியிருக்கலாம். ஐயா, பால் ஒரு மாதிரி வாடை அடிக்குது, குடிக்காதீங்க என்றால் போதும். ஆனால் தேவி நிற்கிறாள். உடனே பானை முழுவதையும் சாக்கடையில் கொட்டுவாள். வேறு கஞ்சி காய்ச்சுவாள். தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லி நாற்பத்தொரு வீட்டுக்கும் மத்தியானச் சாப்பாடு போடுவாள். அப்புறம் நாங்கள் இன்னும் ஒரு சாப்பாடு அதிகமாக வாங்கியவர்களாக நிற்போம். எல்லாம் யோசித்துத்தான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

ஒரு மணிக்கு ஆரம்பித்தது. தாமான் முழுக்கக் கதவுகள் படார் படார் என்று சாத்திய சத்தம்தான். வீரப்பன் குழுவில் குரல் பதிவு போட்டான்: "யாரு வீட்டுலயாச்சும் ரெண்டாவது டாய்லெட் சும்மா இருக்கா? என் வீட்டுல மாமியா உள்ள போயி அர மணி நேரம் ஆச்சு. இதுவும் உதவிதானலா." அந்த நிலைமையிலும் இருபது பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். குழு எவ்வளவு உயிரோடு இருந்தது என்பதற்குச் சொல்கிறேன்.

பெரியவர் குழுவில் இல்லை. அவரிடம் இருந்தது பொத்தான் அமுக்குகிற பழைய போன்.

நாலு மணிக்கு என் வயிறு அடங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கதவு சாத்தியிருந்தது. எப்போதும் அந்த நேரத்தில் வெளியே உட்கார்ந்து ஈர்க்கு சீவுவார். போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தேன். எல்லாரும் அவரவர் வீட்டில் சுருண்டு கிடக்கும்போது, எனக்கு மட்டும் ஏன் அவர் நினைப்பு வந்தது என்று யாராவது கேட்பார்கள். அதனால் குழுவில் யாராவது அவரைப் பற்றி எழுதட்டும், உடனே ஓடுவோம் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் எழுதவில்லை. கேட்டால்தான் உதவி என்பது குழுவின் ஒழுங்கு. அதை நானே மீறக் கூடாது.

தேவியும் கிடந்தாள். பானையில் மிஞ்சியதையெல்லாம் வீணாக்கக் கூடாதென்று குடித்திருக்கிறாள். திங்கட்கிழமை விடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அவருக்குக் கஞ்சித்தண்ணீர் எடுத்துப் போனவள், குளியலறைத் தரையில் அவரைப் பார்த்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் போய்விட்டார். உடம்பில் நீர் வற்றி, ஏற்கெனவே கெட்டிருந்த சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். வயதான ஆள், பழைய நோய். ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

இறுதிச் சடங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை குட்டி உள்ளவனுக்குக்கூட அப்படி நடக்காது. கூடாரம், நாற்காலி, தேவாரம் பாட ஆள், எல்லாம் குழு பார்த்துக்கொண்டது. முன்பக்கத் தோள் என்னுடையது.

பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்து மண்டபத்தில் எல்லாரையும் உட்கார வைத்தேன். தேவி தூண் பக்கம் நின்றாள். நான்தான் முதலில் பேசினேன்.

"தேவி, நீ வேணும்னு செய்யல. தேங்காப்பால் எப்ப கெடும்னு யாருக்கும் தெரியாது. நடந்தது நடந்து போச்சு. நாங்க எல்லாரும் உன்னைய மன்னிச்சிட்டோம்."

அவள் மெதுவாகச் சொன்னாள்: "காலையில நாலு மணிக்குப் புழிஞ்ச பாலுண்ணே. ஐஸ்லதான் வெச்சிருந்தேன். ஊத்துறதுக்கு முன்ன நாக்குல வெச்சிப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு."

"சரிம்மா, விடு. அதான் மன்னிச்சாச்சே."

விட்டுவிட்டாள். அதற்கப்புறம் பாலைப் பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போய் அவள் தோளைத் தொட்டு, பரவாயில்லை தேவி, பரவாயில்லைக்கா என்றார்கள். வீரப்பன் அழுதுவிட்டான். அவள் இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். அந்தக் கைகளில் ஒரு பாத்திரமும் இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு எல்லாம் நான் நினைத்தபடி நடந்தது. பாசார் வியாபாரத்தை விட்டுவிட்டாள். தன் கையால் ஆக்கினது இன்னொருவர் வாயில் போகக் கூடாது என்றாளாம். குழு அவளுக்குச் சாப்பாட்டு முறை போட்டது. எங்கள் வீட்டு முறை வியாழக்கிழமை. முதல் வியாழன் போன பாத்திரம் மறுநாள் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. உள்ளே ஒரு மிளகாய்கூட இல்லை. கோமளா அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வாங்கி அலமாரியில் வைத்தேன். இருபத்து மூன்று நாள் சோற்றுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

அஞ்சு மாதம், சார். அந்த அஞ்சு மாதத்தில் குழு எப்படி இருந்தது என்று வந்து பார்த்திருக்க வேண்டும். எல்லாருக்கும் கொடுக்க ஓர் இடம் கிடைத்தது. அவளுக்கு இன்றைக்கு என்ன கொண்டு போகலாம் என்று பெண்கள் போட்டி போட்டார்கள். தோட்டத்துப் பாதி, டவுன் பாதி என்ற பேச்சே போய்விட்டது. அவள்தான் கொஞ்சம் மெலிந்தாள். எல்லார் வீட்டுச் சமையலும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது.

மூன்று நாளைக்கு முன் வீரப்பன் மூச்சிரைக்க வந்தான். "அண்ணே, தேவிக்கா ஸ்டேஷன்ல போயி எழுதிக் குடுத்துருச்சாம். உங்க மன்னிப்பு எனக்குத் தாங்கலன்னு சொல்லுது. செயிலுக்குப் போனாத்தான் மனசு ஆறுமாம்."

தாமானே கலங்கிப் போனது. எனக்கு மட்டும்தான் அது என்னவென்று புரிந்தது. திருப்பித் தருகிறாள், சார். நாற்பது வீடு சேர்ந்து கொடுத்ததை உங்கள் கவுண்டரில் கொண்டுவந்து வைக்கிறாள். நீங்கள் இரண்டு வருடமோ மூன்று வருடமோ போட்டால், அதை இருந்து முடித்துவிட்டு, யாரிடமும் எதுவும் வாங்காதவளாக வெளியே வருவாள். வந்த அன்றைக்கே அடுப்பு மூட்டி எங்கள் எல்லாருக்கும் சமைப்பாள். எனக்கு அவள் முகம்கூடத் தெரிகிறது.

இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் விளங்கியது. என்னிடம் இன்னும் ஒரு சரக்கு இருக்கிறது. அவள் நிரபராதி என்கிற விஷயம். அவளிடமே அது இல்லை, உங்களிடமும் இல்லை, இந்த உலகத்தில் என் ஒருவனிடம்தான் இருக்கிறது. நான் கொடுத்தால்தான் அவளுக்குக் கிடைக்கும். அவள் அதை வாங்கித்தான் ஆக வேண்டும். அதற்கு ஈடாக அவள் எதைத் திருப்பித் தருவாள்?

இந்தப் பையில் மிச்ச மாத்திரை இருக்கிறது, கடை ரசீது இருக்கிறது. ரசீதைத் தூக்கிப்போடுகிற பழக்கம் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். கணேஸ்வரனாகிய நான், இந்திராதேவி கொண்டு வந்த தேங்காய்ப்பாலில் பேதி மருந்தை என் கையால் போட்டேன். பால் கெட்டிருக்கவில்லை. அது தம்புசாமிக்குப் போகும் என்று தெரிந்தே, கேட்டைத் திறந்துவிட்டேன். சாயங்காலம் அவர் கதவு சாத்தியிருந்ததைப் பார்த்தேன், போகவில்லை. அவர் செத்தது என்னால்தான். போதுமா? இப்போது வெளியே போய் அவளிடம் சொல்லுங்கள். நான் கொடுத்தது என்று சொல்லிச் சொல்லுங்கள்.

போய்விட்டு வந்துவிட்டீர்களா? பத்து நிமிடம் ஆயிற்று. அழுதாளா?

"அழுவல" என்றீர்கள். "'அப்ப பால் கெட்டுப் போவல, இல்ல சார்?'ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. அப்புறம், 'தம்புசாமி ஐயாவுக்கு அவரு பதில் சொல்லிக்கட்டும். கோமளாக்கா என்ன பண்ணுச்சு, பாவம். இனி தனியா கெடக்கும். நான் போயி சோறாக்கணும்'னு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

எப்போது போனாள்? பஸ்ஸிலா? உங்கள் போனைக் கொஞ்சம் கொடுங்கள், சார். கோமளாவிடம் கதவைத் திறக்காதே என்று சொல்ல வேண்டும். முடியாதா? சரி, அந்தத் தாளை இப்படித் திருப்புங்கள். கையெழுத்துக்கு மேலே ஒரு வரி இடம் இருக்கிறது, இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் பிறத்தியார் கொடுத்து வாங்கிச் சாப்பிட்டுப் பழக்கம் இல்லை.